அவரைக்கொடியின் முதல் பறிப்பு

1

இன்று ஆடிப் பதினெட்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து வசந்தி அக்கா காலையிலேயே வீடியோ அனுப்பிவிட்டாள். காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லை. காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் திரையில் வந்து போயின. கடைசியில் அக்கா கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி, "நான் விதை ஊனிட்டேன்டா. நீ இந்த வருஷமும் ஆடியில ஊனிடாத" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ஆறு வயது ஆகிறது. மெல்பர்னுக்குக் குடிவந்த முதல் வருடம், திருச்சியிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். வாடகை வீட்டில் ஆணியடிக்க ஏஜெண்டிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதே அப்போது தெரியாது. ஆடிப் பதினெட்டு என்று காலண்டர் சொன்னது. குளித்துவிட்டு, கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு, கொல்லையில் வெண்டையும் புடலையும் ஊன்றினேன். புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. பூமியின் தென்பாதியில் ஆடி என்பது நடுக்குளிர்காலம் என்று பள்ளியில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன்தான். கைக்கு மட்டும் அது தெரியவில்லை. ஒரு விதைகூட முளைக்கவில்லை.

"ஆடி மாசம்னா எல்லா ஊர்லயும் ஆடிதானா?" என்று என் மனைவி சுமதி கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்கோ அது நல்ல கேள்வியாகப் பட்டது.

2

திருச்சியில் ஏன் ஆடியில் விதைக்கிறோம்? காவிரியில் தண்ணீர் வரும், கத்திரி வெயில் தணிந்திருக்கும், காற்று அடிக்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவிடம் கேட்டேன். ஸ்ரீரங்கத்தில் அவள் இருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் பாதி அவளுடைய தோட்டம். மீதிப் பாதியில் மற்றவர்கள் வடாம் காயவைக்க அனுமதி உண்டு.

அவள் சொன்னது: ஆடியில் ஊன்றினால் ஐப்பசி அடைமழை வருவதற்குள் கொடி வேரூன்றிவிடும். புரட்டாசியில் ஊன்றினால் பிஞ்சுச் செடி மழையில் அழுகும். பந்தல் கொடிகளுக்கு அதனால்தான் ஆடி. கீரையும் தக்காளியும் மழை ஓய்ந்து மார்கழி, தையில் சுகமாக வரும். மாசி, பங்குனியில் விதையெடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரையில் புதிதாக எதையும் தொடங்காமல், இருக்கிற செடிக்கு நிழல்வலை கட்டி, தொட்டி மண்ணின் மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ மூடாக்காகப் போட்டு, உயிரோடு வைத்திருந்தாலே பெரிய காரியம்.

"மாடியில தொட்டி வச்சிருக்கிறவங்க ஐப்பசியில ஒரு வேலை மறக்காம பண்ணணும்டா," என்றாள். "தொட்டி ஓட்டை அடைச்சிருக்கான்னு குச்சி விட்டுப் பார்க்கணும். பூச்சி கொன்ன செடியைவிடத் தண்ணி கட்டிச் செத்த செடிதான் அதிகம்."

ஆக, ஆடி என்பது தேதியில்லை. செடிக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்த்து வைத்த முன்யோசனை. மெல்பர்னில் அந்த முன்யோசனையை வேறு மாதத்தில் தேட வேண்டும். தேடினேன். வெண்டை, புடலைக்கு ஐப்பசி முடிவு சரியாக வந்தது. இரண்டு வருடத்தில் ஓரளவு காய்த்தும்விட்டது. அவரை மட்டும் என்னை ஆட்டிவைத்தது.

3

நான் சொல்வது பந்தல் அவரை. பட்டையாக, ஓரத்தில் ஊதாக் கோடு ஓடும் ரகம். அக்கா ஒருமுறை சாம்பார்ப்பொடிக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில் அவரை விதைப் பொட்டலத்தையும் வைத்து அனுப்பினாள். விமான நிலையத்தில் விதை இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி மரியாதையாக நன்றி சொல்லி அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். புது நாட்டு மண்ணுக்குப் புதுப் பூச்சி வந்துவிடக் கூடாது என்று அவர்கள் கவலை. தோட்டக்காரனாக அந்தக் கவலை எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தத் தொட்டியை இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பிறகு பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி மலர், தன் வீட்டில் வருடக்கணக்காக விளையும் அவரையிலிருந்து ஒரு கைப்பிடி விதை கொடுத்தார். "எங்கட வீட்டில காய்க்குது. ஆனா பிந்தித்தான் காய்க்கும், அவசரப்படாதேங்கோ" என்றார். ஏன் பிந்திக் காய்க்கும் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது, அதைத்தான் கேக்கோணும்" என்று கொடியைக் காட்டினார்.

போன ஐப்பசியில் கொல்லையின் செங்கல் சுவரோரம் ஊன்றினேன். அந்தச் சுவர் வடக்குப் பார்த்தது. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும் என்பதால் நல்ல சூடான இடம். மார்கழியில் கொடி சுவரேறியது. தையில் வேலி தாண்டியது. மாசியில் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

"தழைச்சத்து கூடிப்போச்சு" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். உரத்தை நிறுத்தினேன். பூக்கவில்லை. நுனியைக் கிள்ளினேன். பக்கவாட்டில் இன்னும் நாலு நுனி கிளம்பியது. ஒரு பங்கு புளித்த மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை பெருங்காயம் கலந்து தெளித்தேன். ஊரில் பூ உதிர்ந்தால் இதைத்தான் தெளிப்போம். உதிர்வதற்கு முதலில் பூ இருக்க வேண்டுமே! சுமதி கொடியைப் பார்த்து, "மாடு ஒண்ணு வாங்கிடுங்க, தீவனத்துக்குக் குறைவில்ல" என்றாள்.

4

விடை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. அதுவும் ஒரு புகாராக.

அக்காவின் அடுக்ககத்தில் மாடிப்படி முகப்பில் புதிதாக ஒரு பெரிய விளக்கு மாட்டினார்கள். பாதுகாப்புக்காம். விடியவிடிய எரியும். தை மாதம் அவள் போன் செய்து, "இந்த விளக்கு வந்ததிலேர்ந்து அந்தப் பக்கத்துக் கொடி பூக்கவே மாட்டேங்குதுடா. இந்தப் பக்கம் தண்ணித்தொட்டி நிழல்ல இருக்கிற கொடி கொத்துக் கொத்தாக் காய்க்குது. ஒரே விதை, ஒரே மண்ணு" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அன்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வைத்துவிட்டேன். மாசியில் ஒருநாள் இரவுச் சாப்பாடு முடித்து, இன்னும் வெளிச்சம் இருக்கிற கொல்லையில் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தப் புகார் நினைவுக்கு வந்தது. மெல்பர்ன் கோடையில் எட்டரை மணிக்கும் வெயில் அடிக்கும். அக்கா வீட்டு விளக்கு செய்த வேலையை இங்கே சூரியனே செய்துகொண்டிருந்தது. அவரைக்கு நீண்ட இரவு வேண்டும். ஊரில் ஆடியில் ஊன்றிய கொடி மார்கழியில் காய்ப்பது, அப்போதுதான் பகல் குறுகுகிறது என்பதால். இங்கே பகல் இரவைவிடக் குறுகுவது பங்குனியில்தான்.

தேடிப் படித்தேன். பழைய பந்தல் ரகங்களுக்கு அப்படித்தான் என்று இருந்தது. குற்றுச்செடி ரகங்கள் சில பகல் நீளத்தைப் பார்க்காமலே பூக்குமாம். நமது ஊரில் மாடியில் அவரை பூக்காமல் தவிப்பவர்கள், உரத்தைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்தில் தெருவிளக்கு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அக்கா தன் விளக்குக்கு அட்டையை வளைத்து மறைப்பு கட்டினாள். பங்குனியில் அந்தப் பக்கமும் கொஞ்சம் பூத்தது. அடுக்ககச் சங்கத் தலைவர் அட்டையை எடுக்கச் சொன்னாராம். அவர் வீட்டுக்கு ஒரு பை அவரைக்காய் போனது. அட்டை அங்கேயே இருக்கிறது.

பங்குனி கடைசியில் என் கொடியிலும் முதல் மொட்டுக் கொத்து நிமிர்ந்தது. நான் துள்ளிக் குதித்தேன் என்று எழுதினால் மிகையில்லை. அதே வாரம் ஏஜெண்டிடமிருந்து மெயில் வந்தது. வீட்டுக்காரரின் தங்கை இங்கே குடிவரப் போகிறார், சித்திரை முடிவதற்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். கூடவே ஒரு வரி: தோட்டம் முன்பு இருந்த நிலையில் இருக்க வேண்டும், படரும் செடிகளை அகற்றவும்.

5

மொட்டு வைத்த அவரையை விட்டுவிட்டு வீடு மாறுவது எனக்கு இது இரண்டாவது முறை.

திருச்சி கைலாசபுரத்தில் அப்பாவுக்குத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். அங்கே பந்தலில் அவரை போட்டது அம்மா. அப்பா ஓய்வுபெற்றது ஒரு கார்த்திகையில். மார்கழியில் வீடு மாறக் கூடாது, தை வரை இருக்க அப்பாவுக்கு மனமில்லை. அதனால் கார்த்திகைக்குள்ளேயே கே.கே. நகரில் கட்டிய வீட்டுக்கு அவசர அவசரமாகப் போனோம். பந்தல் முழுக்க மொட்டு. எனக்குப் பதினோரு வயது. லாரியில் ஏறும்போது அம்மா பந்தலைப் பார்க்கவே இல்லை. புது வீட்டில்தான் அவஸ்தை. காபி குடிக்கும்போது, "இந்நேரம் பூ விரிஞ்சிருக்கும்" என்பாள். துணி மடிக்கும்போது, "இந்நேரம் பிஞ்சு விட்டிருக்கும்" என்பாள்.

மார்கழியில் ஒரு மாலை, அக்கா பள்ளியிலிருந்து ஒரு மஞ்சப்பை நிறைய அவரைக்காயுடன் வந்தாள். அவள் அப்போது பிளஸ் டூ. பாதி வருடத்தில் பள்ளி மாற்ற முடியாது என்று ரெண்டு பஸ் மாறிக் கைலாசபுரத்துக்கே போய் வந்துகொண்டிருந்தாள். "நம்ம குவார்ட்டர்ஸுக்கு வந்த ஆன்ட்டி கொடுத்தாங்க. யார் ஊனினாங்களோ முதல் பறிப்பு அவங்களுக்குத்தானாம். குவார்ட்டர்ஸ் வழக்கமாம்" என்றாள். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்த்தாள். பிறகு அன்றைக்கே பொரியல், கூட்டு, சாம்பார் எல்லாம் அவரைதான். மறுநாள் பையை வெறுமனே அனுப்பக் கூடாது என்று முறுக்குப் போட்டு அனுப்பினாள்.

அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மனிதர்கள் என்றால் கைலாசபுரத்து மனிதர்கள் என்று இங்கே வேலையிடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

6

கொடியை மட்டும் விட்டுவைக்கக் கேட்டு ஏஜெண்டுக்குப் பதில் எழுதினேன். என் ஆங்கிலம் எழுத்தில் எப்போதும் விண்ணப்பம் போலவே இருக்கும். என் மகள் கயல், ஒன்பதாம் வகுப்பு, வாசித்துவிட்டு, "அப்பா, இது கோர்ட்டுக்கு எழுதுற மாதிரி இருக்கு" என்று தலையிலிருந்து கால்வரை மாற்றினாள். தமிழைவிட அவளுக்கு ஆங்கிலமே வசதி. என்னிடம் தமிழில் தொடங்கி நடுவழியில் ஆங்கிலத்தில் இறங்கிவிடுவாள். சில நாள் பேச்சே தொடங்குவதில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். கொடி விஷயத்தில் அவளாக வந்து உட்கார்ந்ததே எனக்கு ஆச்சரியம். வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்று ஏஜெண்ட் பதில் அனுப்பினார்.

பார்க்க வரும் வாரத்தில்தானா அசுவினி வர வேண்டும்! மொட்டுக் காம்பெல்லாம் கறுப்பாக அப்பிக்கொண்டது. இந்தப் பூச்சிக்கு என் முறை இது. முதலில் எறும்பைப் பாருங்கள். எறும்புதான் அசுவினியை மாடு மாதிரி மேய்க்கும், அதன் இனிப்புக் கழிவுக்காக. எறும்பு ஏறும் வழியை மறித்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் காம்பைக் கழுவுங்கள். அப்புறமும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குச் சில சொட்டுச் சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. உச்சிவெயிலில் தெளித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும். செம்பருத்தி மாவுப்பூச்சிக்கும் இதே கரைசல்தான், ஆனால் முதலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

நான் சோப்புக் கரைசலோடு போனேன். காம்புகளில் அசுவினிக்கு நடுவே கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு ஊர்ந்தது. ஒன்றல்ல, பல. சனியனே என்று தெளிப்பானை நீட்டினேன்.

"அப்பா, ஸ்டாப்! அது பொறிவண்டோட பேபி" என்று கயல் ஓடி வந்தாள். "அது அசுவினியைச் சாப்பிடும். நீங்க நல்லவங்களைக் கொல்லப் போறீங்க."

பொறிவண்டு தெரியும். அதன் குட்டி இவ்வளவு அவலட்சணமாக இருக்கும் என்று யார் கண்டார்கள்? தெளிப்பானைக் கீழே வைத்தேன். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு புழு அசுவினியைப் பிடித்து, நிதானமாக உறிஞ்சி, தோலைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. கயல் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வாரக் கடைசியில் காம்புகள் சுத்தமாகிவிட்டன. தெளிக்கும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான் இந்தக் குறிப்பிலேயே முக்கியமான யோசனை. அது என் மகள் சொன்னது.

ஏஜெண்ட் வந்த அன்று பெருங்காய மோர் வாளி வேலியோரம் திறந்து கிடந்தது. அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று கேட்டார். கயல் முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, அதற்குள் முதல் ஊதாப் பூங்கொத்து விரிந்திருந்தது. அவர் அதைப் போட்டோ எடுத்து, குடிவரப் போகிறவர் சரியென்றால் இருக்கட்டும் என்றார். இரண்டு நாளில் சரி என்று பதில் வந்தது. வருகிறவர் பெயர் ஹெலன் என்பதைத் தவிர வேறு விவரம் தரவில்லை.

7

காலி செய்யும் அன்று கொடி முழுக்கப் பூ. விரல்நுனி அளவு பிஞ்சுகள். வேலியில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டோம்: இது சாப்பிடும் காய். பிஞ்சாக, விதை முற்றும் முன் பறிக்கவும். நார் உரித்து, நன்றாக வேகவைக்கவும், பச்சையாகத் தின்ன வேண்டாம். துளை விழுந்த காயில் புழு இருக்கும், அதைக் கிள்ளிக் குப்பையில் போட்டால் மற்றவை பிழைக்கும். கறுப்பு முதலைக்குட்டி நண்பன்.

எழுதியது கயல். முதல் பறிப்பு வழக்கத்தையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். குவார்ட்டர்ஸ் கதையை மறுபடி முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நோ அப்பா. அப்படியெல்லாம் எழுதிக் கேட்கக் கூடாது. வியர்டா இருக்கும்" என்று பேனாவை மூடினாள்.

புது வீடு ரயிலில் ஆறு நிறுத்தம் தள்ளி. கயலுக்குப் பள்ளி மட்டும் பழைய இடத்தில்தான், நடுவருடத்தில் மாற்ற வேண்டாம் என்று. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். பழைய தெருப்பக்கம் போகவில்லை. காலி செய்த வீட்டின் வேலியை எட்டிப் பார்த்தால் இந்த ஊரில் போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். டீ குடிக்கும்போது, "இந்நேரம் காய் நீண்டிருக்கும்" என்றேன். இன்னொரு நாள், "பனி கொட்டுது, போச்சு" என்றேன். சுமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மாவைப் போலவே பேசுகிறேன் என்பது எனக்கும் உறைத்தது. நிறுத்த முடியவில்லை. உண்மையாகவே வலித்தது.

8

வைகாசி கடைசியில், கயல் பள்ளியிலிருந்து வந்து ரொட்டிப் பை ஒன்றை மேஜையில் வைத்தாள். உள்ளே அவரைக்காய். பட்டையாக, ஓரத்தில் ஊதாக் கோட்டோடு. குளிரில் ஒன்றிரண்டு கறுத்திருந்தன. மற்றவை அப்படி ஒரு பளபளப்பு.

"ஹெலன் கொடுத்தாங்க" என்றாள். "முதல் பறிப்பு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அக்காவுக்கு வீடியோவில் போட்டேன். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பையைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்து, "பாத்தியாக்கா! சொல்லாமலேயே கொடுத்திருக்காங்க. குவார்ட்டர்ஸ் வழக்கம் இந்த ஊர்லயும் இருக்கு!" என்று கத்தினேன்.

அக்கா குழாயை நிறுத்தினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"குவார்ட்டர்ஸ்ல அப்படி ஒரு வழக்கமே கிடையாதுடா."

"என்னக்கா சொல்ற?"

"நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். எங்க தெருவுல முதல் பறிப்பு ஊனினவங்களுக்குக் கொடுக்கிறது வழக்கம், உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டின்னு கேட்டேன். அவங்க பாவம், பயந்துபோய்ப் பறிச்சுக் கொடுத்துட்டாங்க. அம்மா தினம் இந்நேரம் பூத்திருக்கும், இந்நேரம் காய்ச்சிருக்கும்னு சொல்லிட்டே இருந்தா, வேற என்ன பண்ணச் சொல்ற? அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நீயும் ஊர் ஊராச் சொல்லிட்டுத் திரிஞ்சியா, எனக்கும் சொல்ல மனசு வரல."

நான் போனைக் கையில் வைத்தபடியே திரும்பினேன். கயல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவும் தொட்டியில் அவரைக்காயை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"கயல், ஹெலன் தானாக் கொடுத்தாங்களா?"

அவள் திரும்பவில்லை. "நீங்க தினமும் அதையே சொல்லிட்டிருந்தீங்க" என்றாள். "எழுதினாத்தான்ப்பா வியர்ட். நேர்ல போய்க் கேட்டேன். எங்க ஊர் வழக்கம்னு சொன்னேன்."

போனில் அக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை," என்று கயல் போன் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டாள், "பையை எம்ப்டியாத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுல்ல? முறுக்கு எப்படிப் போடணும்?"